தம்போய்க்கு வந்த சவுக்கு

அந்தோணி மாமா ஏணியில் ஏறி, தேவாலயத்தின் பின்சுவரில் இருந்த மின்பெட்டியைத் திறந்து, நான்கு விசைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே தட்டினார். ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு குளிர்சாதனக் கருவி நின்றது. நான்காவதும் அடங்கியபின், அந்தக் கட்டடத்துக்குள் நான் அதுவரை கேட்டிராத ஓசைகள் கேட்டன. நிறுத்தத்தில் பேருந்து நின்றது. பக்கத்துப் பட்டறையில் யாரோ இரும்பைத் தேய்த்தார்கள். மழைக்கு முந்திய தவளைகள் கத்தின.

அந்த நான்கு கருவிகளையும் பொருத்தியவர் அவரே. என் தாயின் தம்பி. சிங்கப்பூர் எல்லையருகே உள்ள எங்கள் தம்போயில் ஏர்கோன் பழுதுபார்க்கும் தொழில் செய்கிறவர்.

ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் ஆல்பர்ட் அங்கிள், ஆலயக் குழுவின் தலைவர்.

“அந்தோணி, கிறிஸ்மஸுக்கு இன்னும் ஒம்பது நாளு இருக்கு. ஒம்பது நாளும் ஏர்கோன் இல்லாமலா?”

“ஒம்பது நாளும்.”

“கோட்டு போட்டுட்டு வர்றவங்க என்ன செய்வாங்க?”

“கழட்டுவாங்க லா.”

பீடத்தின் இடப்பக்கம், நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்றில், எட்டடி உயரச் சவுக்கு மரம் நின்றுகொண்டிருந்தது. வெட்டிய கிளையன்று, வேரும் மண்ணுமாக, உயிரோடு. அதற்காகத்தான் அத்தனையும்.

சென்ற அத்தியாயத்தில் ‘மரத்தின் ஆண்டு’ என்றொரு தொடரை விளக்காமல் விட்டுவிட்டேன். வாசகர் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு, எந்த மரம், எந்த ஆண்டு என்று கேட்டு எழுதியிருக்கிறார். ஆண்டைச் சொல்லும் பழக்கம் இத்தொடரில் எனக்கில்லை. மரத்தைச் சொல்கிறேன்.

பதினாறு டிகிரி

எங்கள் ஆலயத்தில் நான்கு மொழிக் குழுக்கள் உண்டு: தமிழ், சீனம், ஆங்கிலம், மலாய். மலாய்க் குழுவில் பெரும்பாலோர் கடல் கடந்த சபா, சரவாக் மாநிலங்களிலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்தவர்கள். கிறிஸ்துமஸ் மரத்தை ஆண்டுக்கொரு குழு முறைவைத்து நிறுத்தும். ஆகவே நான்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் எங்கள் முறை வரும்.

முந்திய முறை வந்தபோது நான் இடைநிலைப் பள்ளியில் இருந்தேன். மற்றக் குழுக்கள் பேரங்காடியில் வாங்கிய பிளாஸ்டிக் மரங்களையே நிறுத்திவந்தன. அந்தோணி மாமா மட்டும், நிஜ மரம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, பெரிய சவுக்குக் கிளை ஒன்றை வெட்டி எடுத்துவந்தார். தண்ணீர் நிரம்பிய வாளியில் அதை நிறுத்தினார். பிறகு அதற்கு நேர் மேலே இருந்த ஏர்கோனை, அதன் குளிர் எந்த அளவுக்கு இறங்குமோ அந்த அளவுக்கு இறக்கிவைத்தார்.

மூன்றாம் நாள் கிளை பழுப்பேறியது. கிறிஸ்துமஸ் காலை, பங்குத்தந்தை பீடத்தை நோக்கி நடந்தபோது, அவர் காலடியில் சருகு நொறுங்கியது. அந்தச் சத்தம் கடைசி வரிசையில் இருந்த எனக்குக் கேட்டது.

அன்று முதல் மாமாவுக்கு ஆலயத்தில் ஒரு பெயர் நிலைத்துவிட்டது. “வெளக்கமாத்து மரம் வெச்சாரே, அந்த அந்தோணியா?” கேட்பவர்கள் சிரித்துக்கொண்டுதான் கேட்பார்கள். மாமாவும் சிரிப்பார். ஆனால் அதன் பிறகு அவர் முன்வரிசையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

குழுக் கூட்டம்

மீண்டும் எங்கள் முறை வந்தது. நான் அப்போது பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். பருவ விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். தமிழ்க் குழுவின் கூட்டக் குறிப்பை எழுத ஆள் இல்லாததால் என்னை அழைத்துப்போனார்கள். குறிப்பு எழுதுகிறவர் பேசவேண்டியதில்லை. அதனால்தான் நான் ஒப்புக்கொண்டேன்.

ஆலயக் குழுவின் சார்பில் வந்திருந்த ஆல்பர்ட் அங்கிள் மேசைமேல் ஒரு வண்ணப் பட்டியலை விரித்தார். பத்தடி உயரப் பிளாஸ்டிக் மரம், இரும்புத் தாங்கியுடன்.

“ஒரே மரம் வாங்கிப் போட்டுட்டா இருபது வருஷத்துக்குக் கவல இல்ல. குழுவுக்குக் குழு முறை வெக்கிறதெல்லாம் வேணாம். யாரு மரம் நல்லா இருக்குன்னு சண்டையும் வேணாம்.”

மாமா கையை உயர்த்தினார். “இந்த வருஷம் எங்க முறைதானே அண்ணே?”

“அலமாக்! மறுபடியும் சவுக்கா?”

மேசையைச் சுற்றிச் சிரிப்பு எழுந்தது. ஆல்பர்ட் அங்கிள் கெட்டவரல்லர், சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து மென்மையாகவே சொன்னார்: “அந்தோணி, அது ஊர்லேருந்து வந்த விறகு மரம். பந்தக்கால் நடுற மரம். கிறிஸ்மஸ் மரம்னா அதுக்கு ஒரு மொற இருக்கு.”

நான் எழுதுகோலைக் கீழே வைத்தேன். மூன்று வாக்கியங்கள் பேசினேன். நானே குறிப்பேட்டில் பதிந்துகொண்டதால் அவை பிறழாமல் நினைவிருக்கின்றன.

“சவுக்கு தமிழ்நாட்டுல இருந்து இங்க வரல அங்கிள். அது இந்தக் கடற்கரையிலேயே, மெர்சிங் பக்கம், தானா மொளைக்கிற மரம். நம்ம பாட்டன் கப்பல்ல வந்து எறங்குறதுக்கு எவ்வளவோ முன்னாடியே அது இங்க நின்னுச்சு.”

யாரும் சிரிக்கவில்லை. ஆல்பர்ட் அங்கிள் பட்டியலை மடித்தார்.

“சரி. வைங்க. ஆனா ஒரு கண்டிஷன். கிறிஸ்மஸ் அன்னிக்குக் காலையில மரம் பச்சையா நிக்கணும். போன தடவ மாதிரி கொட்டுச்சுன்னா, ஜனவரியில இத ஆர்டர் பண்ணிடுவேன். அப்புறம் யாருக்கும் முறை கிடையாது. சீனக் குழுவுக்கும் கிடையாது, சரவாக் ஆளுங்களுக்கும் கிடையாது. உங்களால போச்சுன்னு அவங்ககிட்ட நீங்களே சொல்லிக்குங்க.”

மாமா என்னைப் பார்த்தார். நான் அந்த நிபந்தனையையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

மரமாகி நிற்றல்

இங்கே சற்று விலகிச் செல்கிறேன். அந்த வாரம் முழுவதும் நான் நூலகத்தில் இருந்தேன். படித்தது வேறு எங்கும் பயன்படவில்லை.

மரம் என்பது ஒரு குலத்தின் பெயரன்று என்பதை அங்கேதான் அறிந்தேன். புலியும் பூனையும் ஒரு குடும்பம் என்பதுபோல் மரங்கள் எல்லாம் ஒரு குடும்பம் அல்ல. வெளிச்சத்தை முந்திப் பிடிப்பதற்காகத் தண்டைக் கட்டையாக்கிக்கொண்டு உயர்வது ஒரு வாழ்முறை. உறவே இல்லாத பல செடிக் குலங்கள், வெவ்வேறு காலங்களில், தனித்தனியாக அந்த முடிவுக்கு வந்திருக்கின்றன. உலகின் முதல் மரங்களுக்கு விதைகூட இல்லை. விதைகள் தோன்றுமுன்பே அவை, பெரணிகளைப்போல், தூளாகச் சிதறும் நுண்வித்துகளைக் கொண்டு காடாகி நின்றன. பூக்கள் வந்தது அதற்கும் மிகப் பிந்தி.

கிறிஸ்துமஸ் மரமும் அப்படி ஒரே நாளில் பிறந்ததன்று. வட ஐரோப்பாவின் குளிர்காலத்தில் மற்ற மரங்கள் இலை உதிர்த்து நிற்க, ஊசியிலை மரங்கள் மட்டும் பச்சை மாறாமல் நிற்கும். செத்ததுபோல் கிடக்கும் நிலத்தில் உயிருக்குச் சாட்சி சொன்ன மரம் அது. கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் ஆதாம் ஏவாளின் நாடகம் போடும் வழக்கம் சில ஊர்களில் இருந்தது. ஏதேன் தோட்டத்து மரத்துக்காக அந்தப் பச்சை மரத்தையே கொண்டுவந்து ஆப்பிள்களைக் கட்டினார்கள். நாடகம் மறைந்தது, மரம் வீடுகளுக்குள் வந்தது. ஜெர்மானிய நாடுகளில் மெழுகுவர்த்தி ஏறியது. பிறகு கப்பல் போன இடமெல்லாம் அதுவும் போனது.

அதாவது, அவர்கள் தங்கள் ஊரில் பச்சையாக நின்ற மரத்தை எடுத்துக்கொண்டார்கள். வழக்கத்தின் தொடக்கம் அவ்வளவுதான்.

சவுக்கைப் பற்றியும் படித்தேன். பார்வைக்கு ஊசியிலை மரம்போல் இருந்தாலும் அது பூக்கும் மரம். ஓக் மரத்துக்குத் தூரத்து உறவு. நாம் ஊசி என்று நினைப்பது இலையன்று, கணுக்கணுவான மெல்லிய கொம்பு. உண்மையான இலை ஒவ்வொரு கணுவிலும் பல் வடிவச் செதிலாகச் சிறுத்து ஒட்டியிருக்கும். சிறுவயதில் அந்தக் கணுக்களில் ஒன்றைக் கழற்றி மறுபடி பொருத்தி, “எங்க ஒடச்சேன் சொல்லு” என்று விளையாடியிருக்கிறோம். ஒரு மரத்தின் இலக்கணத்தையே கையில் வைத்து விளையாடினோம் என்பது எங்களுக்குத் தெரியவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, அது சுடுமணலில் முளைத்து உப்புக்காற்றில் வளர்வது. இதை மாமாவிடம் சொல்லவேண்டியிருந்தது. அவருடைய வேனின் பின்கதவருகே நின்று, கூடியவரை சுருக்கமாகச் சொன்னேன்.

மாமா கையிலிருந்த குறட்டைக் கீழே வைத்தார்.

“அப்போ போன தடவ… ஏர்கோன்தான் கொன்னுச்சா?”

“குளிரவிட அந்தக் காஞ்ச காத்துதான் மாமா.”

“கிறிஸ்மஸ் மரம்னா குளிர் நாட்டு மரம், குளுகுளுன்னு இருந்தாத்தான் அதுக்குப் பிடிக்கும்னு நெனச்சேன். பதினாறு டிகிரி வெச்சேன் ஜெசி. பதினாறு! பாசத்துல வெச்சேன்.”

வேனின் பின்கதவில் சாய்ந்துகொண்டார். பிறகு வேன் அதிரும்படி சிரித்தார். நான்கு ஆண்டுகளில், அந்த மரத்தைப் பற்றி அவர் உள்ளிருந்து சிரித்தது அதுவே முதல்முறை.

யூசுப் நானாவின் மணல்

மெர்சிங்கில் மீன் மொத்த வியாபாரம் செய்யும் தமிழ் முஸ்லிம் பெரியவர் யூசுப் நானாவின் குளிரறையை மாமாதான் பராமரித்துவந்தார். அந்தக் குளிரறைக்குப் பின்னால், கொட்டகையை நீட்டிக் கட்டுவதற்காக ஒதுக்கிய மணல்மேட்டில், தானாக முளைத்த சவுக்கங்கன்றுகள் நின்றன. எப்படியும் அகற்றப்பட இருந்தவை.

டிசம்பர் பிறந்ததும், மழை விட்ட ஒரு காலையில் இரவல் வாங்கிய பிக்கப்பில் புறப்பட்டோம். பருவக்காற்று தொடங்கிவிட்டதால் தீவுகளுக்குப் போகும் படகுகள் நின்றுபோயிருந்தன. கடல் தேநீர் நிறத்தில் புரண்டுகொண்டிருந்தது. காற்றில் மீனும் டீசலும் ஈர மரமும் கலந்த வாடை.

யூசுப் நானா குடையோடு வந்து நின்றார். “ஒங்க பெருநாளைக்கா தம்பி? தாராளமா எடுத்துக்க. ஆனா மண்ணோட எடு. மண்ண ஒதறிட்டுக் கொண்டு போனா ரெண்டு நாளு நிக்காது.”

அவர் அனுபவத்தில் சொன்னதற்கு நான் படித்ததில் காரணம் இருந்தது. சவுக்கின் வேரில் இஞ்சித்துண்டு போன்ற சிறு முடிச்சுகள் இருக்கும். அவற்றுள் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து மரத்துக்கு உரம் எடுத்துக்கொடுக்கும். மாமா தோண்டத் தோண்ட, நான் மண்டியிட்டு அந்த முடிச்சுகளைத் தேடினேன். இருந்தன. சாக்கை விரித்து, வேர்ப்பந்தை மணலோடு சேர்த்துக் கட்டினோம்.

திரும்பும் வழியெல்லாம் மழை. பிக்கப்பின் பின்தட்டில் மரம் தலையை ஆட்டிக்கொண்டு வந்தது. தம்போய்ப் போக்குவரத்து விளக்கில் நின்றபோது, சிங்கப்பூர் வேலை முடித்து மோட்டார்சைக்கிளில் திரும்பிய ஒருவர் தலைக்கவசத்தை உயர்த்தி, மாமாவிடம் கேட்டார்: “அண்ணே, கல்யாணப் பந்தலா?”

“கிறிஸ்மஸ்!” என்றார் மாமா, தெருவே திரும்பிப் பார்க்கும்படி.

இரண்டு வாரம் மரத்தை ஆலயத்தின் கார் நிறுத்தக் கூரையோரம் வைத்துப் பழக்கினோம். பிறகு உள்ளே கொண்டுவந்தோம். ஏணியும் மின்பெட்டியுமாக நான் முதலில் சொன்ன மாலை அதுதான்.

மூன்று மணி நேரம்

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, மதியம் தாண்டி, காகித நட்சத்திரங்களைக் கட்டுவதற்காக நான் உள்ளே நுழைந்தேன். வாசலிலேயே நின்றுவிட்டேன். கைகளில் குளிர் பட்டது.

பாடகர் குழு ஒத்திகை பார்த்திருக்கிறது. வியர்வை தாளாமல் யாரோ மின்பெட்டியைத் திறந்து நான்கையும் போட்டிருக்கிறார்கள். ஒத்திகை மூன்று மணி நேரம். போகும்போது அணைக்கவும் மறந்திருக்கிறார்கள்.

மரத்தின் அடியில் வட்டமாகப் பச்சை உதிர்ந்து கிடந்தது.

அணைத்துவிட்டு மாமாவுக்கு அழைத்தேன். அவர் வேலை உடையிலேயே, விரல்களில் கரியோடு வந்தார். மண்டியிட்டு, உதிர்ந்ததை அள்ளிப் பார்த்தார். பின்னாலேயே ஆல்பர்ட் அங்கிளும் வந்துவிட்டார்; ஒத்திகைக்குச் சாவி கொடுத்தவர் அவர்தான். அவர் முகத்தில் வெற்றி இல்லை.

“நான் பாடகர் குழுகிட்ட சொல்ல மறந்துட்டேன் அந்தோணி. சத்தியமா மறந்துதான் போச்சு.”

மாமா தரையைப் பார்த்தபடியே இருந்தார். “முடிஞ்சுச்சு அண்ணே. ஆர்டர் பண்ணிடுங்க.”

நான் கிளைகளைத் தொட்டுப் பார்த்தேன். அடிக்கிளைகள்தான் உதிர்ந்திருந்தன. நுனிகள் இன்னும் வளைந்தன; ஒடியவில்லை. வெளியே வடகிழக்கு மழை கூரையை அறைந்துகொண்டிருந்தது. ஆலயத்துக்குள் நான் அதுவரை குரலை உயர்த்தியதே இல்லை.

“மாமா, எழுந்திரிங்க! வெளிய கொண்டு போவோம். மழையில வெப்போம்.”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அடுத்த நொடி வேனுக்கு ஓடினார். கனமான இயந்திரங்களை ஏற்றும் தள்ளுவண்டியோடு வந்தார். மூவரும் சேர்ந்து பீப்பாயைச் சாய்த்து ஏற்றினோம். ஆல்பர்ட் அங்கிளின் மடிப்புக் கலையாத சட்டையில் சேறு ஒட்டியது; அவர் கவனிக்கவில்லை.

மழையில் மரம் முதலில் தொங்கியது. பிறகு ஒவ்வொரு கணுவிலும் நீர் கோத்துக்கொண்டது. மாமா அதன் அருகிலேயே நனைந்தபடி நின்றார். ஆல்பர்ட் அங்கிள் எங்கிருந்தோ ஒரு பெரிய குடையைக் கொண்டுவந்து மரத்தை நோக்கி உயர்த்திப் பிடித்தார்.

“மரத்துக்கு ஏன் புடிக்கிறீங்க லா? அது குளிக்கத்தானே வந்திருக்கு! எனக்குப் புடிங்க!”

மூவரும் சிரித்தோம். மரத்தை மறுநாள் மாலைவரை வெளியிலேயே விட்டோம். மின்பெட்டிக்கு ஆல்பர்ட் அங்கிள் தம் கையாலேயே பூட்டுப் போட்டு, சாவியை மாமாவிடம் கொடுத்தார்.

கிறிஸ்துமஸ் காலை

மரம் பச்சையாக நின்றது.

அந்த வாக்கியத்தைத் தனியே எழுத எனக்கு உரிமை உண்டு என்று கருதுகிறேன். அடிக்கிளைகள் சற்று மெலிந்திருந்தன, அதை மறைக்கவில்லை. மேலே, நுனிதோறும், மழை கழுவிய வெளிர்ப்பச்சை. சவுக்கின் கிளை கனம் தாங்காது. ஆகவே கண்ணாடி உருண்டைகளுக்குப் பதில் காகித நட்சத்திரங்கள் மட்டும் ஆடின.

கதவுகளும் சன்னல்களும் திறந்திருந்தன. ஆண்டுக்கணக்காகச் சுற்றாமல் கிடந்த கூரை விசிறிகளை மாமா எண்ணெயிட்டு ஓடவிட்டிருந்தார். கோட்டுகள் உண்மையிலேயே கழன்றன. சேலைத் தலைப்பும் பாட்டுத்தாளும் விசிறியாயின. பவுடரும் வியர்வையும் ஈர மணலும் மணத்தன.

நற்செய்தி வாசிப்புக்குப் பின் ஒரு மௌனம் உண்டு. வழக்கமாக அதை ஏர்கோன்களின் இரைச்சல் நிரப்பும். அன்று அந்த மௌனத்தில் வேறொன்று கேட்டது. விசிறிக் காற்று கிளைகளுக்குள் புகுந்து வெளியேற, மரம் ஒலித்தது. நீண்ட, தாழ்ந்த, ஏறி இறங்கும் ஒலி. தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. எனக்கு முந்திய வரிசையில் இருந்த சரவாக்கியப் பெரியவர் தம் மனைவியிடம் மலாயில் சொன்னார்: “கடல் மாதிரி இருக்கு.”

பங்குத்தந்தை மறையுரையை உடனே தொடங்கவில்லை. எல்லாரோடும் சேர்ந்து அவரும் கேட்டுக்கொண்டிருந்தார். முன்வரிசையில், என் தாயின் அருகில், அந்தோணி மாமா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவருடைய முதுகை மட்டுமே நான் பார்த்தேன். அது போதுமானதாக இருந்தது.

திருப்பலி முடிந்ததும் ஆல்பர்ட் அங்கிள் அறிவிப்புகளை வாசித்தார். கடைசி அறிவிப்பைத் தாளைப் பார்க்காமல் சொன்னார்: “ஜனவரியில வர்ற மூன்று ராஜாக்கள் திருநாள் அன்னிக்கு இந்த மரத்த நம்ம வளாகத்துல நடுறோம். எல்லாரும் வாங்க. அடுத்த வருஷ மரம், வழக்கம்போல, சீனக் குழு.”

வழக்கம்போல என்ற சொல்லுக்காகக் கைதட்டிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். பிறகு மற்றவர்களும் தட்டினார்கள். எதற்கென்று அவரவருக்கு ஒரு காரணம் இருந்திருக்கும்.

சீனக் குழுவின் பொறுப்பாளரான லியன் ஆன்ட்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். கைகுலுக்க நீண்டிருந்த ஆல்பர்ட் அங்கிளின் கையைத் தாண்டி, நேரே மாமாவின் முன் நின்றார். மலாயில் கேட்டார்: “அபாங், அடுத்த வருஷம் எங்க முறை. மூங்கில், வேரோட, தொட்டியில வெச்சு. பொலே கா, செய்யலாமா?”

மாமா அண்ணாந்து பார்த்தார். சுற்றிக்கொண்டிருந்த விசிறியைக் கண்ணாலேயே அளந்தார். பிறகு, தம்மிடம் கேட்கப்படுவது இயல்பே என்பதுபோல, நிதானமாகப் பதில் சொன்னார்.

“பொலே, ஆன்ட்டி. பத்தடிக்கு மேல மட்டும் வேணாம். ஃபேன் இடிக்கும்.”

ஆல்பர்ட் அங்கிள் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, பத்தடி என்று குறித்துக்கொண்டார்.